மீட்டர் முள் அசையவில்லை, ஆனால் வேகம் மாறியது

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் முழுதாக வாசியுங்கள். நேரமில்லாதவர்கள் பாதியோடு விட்டுவிட்டுக் கொமண்டில் வந்து சண்டை பிடிக்காதீர்கள்.

இரண்டு கிழமையாக என் பெயர் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஓடித் திரிகிறது. காசு விசயமுமில்லை, அரசியலுமில்லை. தவணைப் பரீட்சையில் தரம் 10 விஞ்ஞான வினாத்தாளுக்கு நான் போட்ட ஒரு கேள்விதான் காரணம். மொத்தம் இரண்டு புள்ளி.

கேள்வி இதுதான்:

"மோட்டார் சைக்கிள் ஒன்று வீதி வளைவில் திரும்புகிறது. திரும்பத் தொடங்கியதிலிருந்து திரும்பி முடியும்வரை அதன் மீட்டர் மணிக்கு 36 கிலோமீற்றரையே காட்டியது. இந்நேரத்தில் மோட்டார் சைக்கிளின் வேகம் மாறியதா? காரணம் தருக."

நாலைந்து பேரைத் தவிர வகுப்பே "மாறவில்லை" என்று எழுதியிருந்தது. காரணம்: "மீட்டர் ஒரே அளவைக் காட்டியதால்." நான் பூச்சியம் போட்டேன்.

அன்று பின்னேரமே தொடங்கிவிட்டது. ஒரு வாப்பா கோல் எடுத்தார். "சேர், எங்கட மகன் சரியாத்தானே எழுதியிருக்கான்?" பிறகு டியூசன் நடத்தும் ஒருவரின் வொய்ஸ் கட் வந்தது. "இது தேவையில்லாத கேள்வி, சிலபஸுக்கு வெளிய உள்ளது, பிள்ளைகளைக் குழப்புற வேலை" என்றார். கடைசியில் அதிபரும் கூப்பிட்டார். நல்ல மனிதர், பிரச்சினை வேண்டாம் என்று நினைப்பவர். "அந்த ரெண்டு புள்ளியையும் எல்லாருக்கும் போட்டு முடிச்சிருங்களன் சேர்" என்றார்.

போடவில்லை. ஏன் போடவில்லை என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் பல்கலைக்கழகப் பௌதிகவியல் பட்டதாரி இல்லை. கல்வியியற் கல்லூரியில் படித்து நியமனம் பெற்றவன். "கல்லூரி முடிச்சு வந்தவருக்கு எங்க காவிக் கணியம் விளங்கும்" என்று ஒருவர் எழுதியதையும் பார்த்தேன். பரவாயில்லை. இது பட்டத்தால் தீர்க்கும் விசயமில்லை. தரம் 10 புத்தகத்தைத் திறந்தால் போதும்.

புத்தகம் என்ன சொல்கிறது? கதி என்பது ஒரு செக்கனில் போன தூரம். அதற்குத் திசை தேவையில்லை, அது எண்ணிக் கணியம். வேகம் என்பது ஒரு செக்கனில் நடந்த இடப்பெயர்ச்சி. அதற்குப் பருமனும் வேண்டும், திசையும் வேண்டும், அது காவிக் கணியம். இந்த இரண்டு வரியையும் எங்கள் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். "காவிக் கணியத்துக்கு ஓர் உதாரணம்?" "வேகம் சேர்!" முழுப்புள்ளி.

அதே பிள்ளையிடம் "பைக் வடக்கே போய், திரும்பிக் கிழக்கே போகிறது. வேகம் மாறியதா?" என்று கேட்டால் "இல்லை" என்கிறான். பருமனும் திசையும் சேர்ந்ததுதான் வேகம் என்று சற்று முன் சொன்னவன், திசை மாறினாலும் வேகம் மாறாது என்கிறான். அப்படியென்றால் அவன் மனனம் செய்த வரைவிலக்கணத்தின் பெறுமதி என்ன?

"அலகின் பெயரே நேர்கோட்டியக்கம், வளைவு எங்கிருந்து வந்தது?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். நான் வளைவைப் பற்றிக் கணக்குக் கேட்டிருந்தால் அது தவறு. வட்ட இயக்கம் உயர்தரத்தில் வருவது, எனக்கும் தெரியும். நான் கேட்டது ஆம் அல்லது இல்லை, பக்கத்தில் ஒரு வரிக் காரணம். "திசை மாறியதால் வேகம் மாறியது." நான்கே சொல். திசை ஒருநாளும் மாறாத நேர்கோட்டில் மட்டும் நின்றுகொண்டு கதிக்கும் வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு பிள்ளைக்கு எப்படிக் காட்டுவீர்கள்? ஒரு பக்கமாகவே நேர்கோட்டில் போகிற பொருளுக்கு இரண்டின் எண்ணும் ஒன்றுதான். அப்போது ஏன் இரண்டு சொல் என்று பிள்ளைக்குத் தோன்றத்தான் செய்யும். வித்தியாசம் தெரிவது வளைவில்தான்.

"மாறவேயில்லையே, எவ்வளவு மாறியது என்று சொல்லுங்கள் பார்ப்போம்" என்று ஒரு நண்பர் சவால் விட்டார். சதுரக் கோட்டுக் கொப்பி ஒன்றை எடுங்கள். மணிக்கு 36 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 10 மீற்றர். வளைவுக்கு முன் வடக்கே 10. ஓர் அம்புக்குறி மேல்நோக்கி, பத்துக் கட்டம். வளைவுக்குப் பின் கிழக்கே 10. அதே புள்ளியிலிருந்து இன்னோர் அம்புக்குறி வலப்பக்கமாக, பத்துக் கட்டம். முதல் அம்பின் நுனியிலிருந்து இரண்டாவது அம்பின் நுனிக்கு ஒரு கோடு கீறுங்கள். அந்தக் கோடுதான் வேகத்தில் ஏற்பட்ட மாற்றம். பைதகரஸ் தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள். 100 + 100 = 200, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 14. மீட்டர் முள் மயிரளவும் அசையவில்லை. ஆனால் வேகம் செக்கனுக்கு 14 மீற்றர் மாறியிருக்கிறது. நின்றுகொண்டிருந்த பைக் செக்கனுக்கு 14 மீற்றர் வேகத்தை எட்டுவதற்கு எவ்வளவு மாற்றம் வேண்டுமோ, அதே அளவு மாற்றம்.

இதைப் பார்த்த பிறகும் "மாறவில்லை" என்பவர்களோடு எனக்கு வாதமில்லை.

பிள்ளைகளை நான் முழுதாகக் குறை சொல்லவும் மாட்டேன். அவர்களைக் குழப்பும் விசயம் ஒன்று மொழியிலேயே இருக்கிறது. வீட்டிலும் கடைத்தெருவிலும் நாம் வேகம் என்று சொல்வது ஸ்பீடைத்தான். "வேகமா ஓடாத மகன்" என்று உம்மா சொல்லும்போது அவர் திசையைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் பாடப்புத்தகம் அதே சொல்லை எடுத்துத் திசையுள்ள கணியத்துக்கு வைத்தது. ஸ்பீடுக்கு கதி என்று வேறொரு சொல்லை வைத்தது. எந்தப் பிள்ளையாவது "பைக் நல்ல கதியில போச்சு" என்று பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

இதற்கு மேல் இப்போது யூடியூப். எங்கள் பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பாட வீடியோக்களைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், நல்ல வீடியோக்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே வேகம் என்றால் எங்கள் கதி. எங்கள் வேகத்துக்கு அவர்கள் சொல்வது திசைவேகம். எங்கள் ஆர்முடுகல் அவர்களுக்கு முடுக்கம். "வளைவில் சீரான வேகத்தில் செல்லும் வாகனம்" என்று அந்த ஆசிரியர் சொன்னால் அங்கே அது சரியான வசனம். அதையே எங்கள் பிள்ளை இங்கே பரீட்சையில் எழுதினால் பிழை. இந்த ஒரு விசயத்தை எத்தனை ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லியிருக்கிறோம்? திசைவேகம் என்ற சொல் எனக்குப் பிடிக்கும் என்பதையும் மறைக்கமாட்டேன். திசையைச் சொல்லுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. அதனால் நாம் இரண்டு மடங்கு கவனமாகப் படிப்பிக்க வேண்டும். நாம் செய்வது அதற்கு நேர்மாறு.

என்ன செய்கிறோம்? டியூட் ஒன்று கொடுக்கிறோம். ஒரு முக்கோணம், மேலே தூரம், கீழே வேகமும் நேரமும். "தேவையானதை விரலால் மறை, மிச்சம் விடை." பத்து நிமிடத்தில் பாடம் முடிந்தது. பிள்ளைக்குச் சந்தோசம், பெற்றோருக்குச் சந்தோசம்.

அந்த முக்கோணத்தை எடுத்துக்கொண்டு பிள்ளை எங்கே போகிறான் என்று பாருங்கள். ஒரு பஸ் ஓய்விலிருந்து புறப்பட்டு, சீராக ஆர்முடுகி, 10 செக்கனில் செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தை அடைகிறது. போன தூரம் எவ்வளவு? விரலால் மறைக்கிறான். 20 × 10 = 200 மீற்றர். பிழை. பஸ் 20 என்ற வேகத்தில் போனது பத்தாவது செக்கனில் மட்டும்தானே? அதற்கு முன் 0, 2, 4, 6 என்று ஏறித்தானே வந்தது? வேக - நேர வரைபைக் கீறினால் அது முக்கோணம், பரப்பளவு அரைவாசி, 100 மீற்றர். பிள்ளை சரியாக இரண்டு மடங்கு பிழைவிட்டிருக்கிறான். டியூட்டில் இருக்கும் சூத்திரம் மாறா வேகத்துக்கு மட்டும் உரியது. அந்த "மட்டும்" என்ற சொல்லைத்தான் நாம் சொல்லிக்கொடுக்கவில்லை.

வேகம் பூச்சியமாக இருப்பதும் வேகம் மாறாமலிருப்பதும் ஒன்றென்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். கிரிக்கெட் பந்தை நேர் மேலே எறியுங்கள். உச்சியில் ஒரு கணம் வேகம் பூச்சியம். "அந்தக் கணத்தில் ஆர்முடுகல் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள், பெரிய வகுப்புப் பிள்ளைகளும் பூச்சியம் என்பார்கள். பூச்சியமென்றால் வேகம் மாறாது. வேகம் மாறாவிட்டால் பந்து அங்கேயே நிற்கவேண்டும். நிற்கிறதா? கெட்ச் பிடிக்கக் காத்திருப்பவனுக்குத் தெரியும். உச்சியிலும் ஒவ்வொரு செக்கனுக்கும் 9.8 என்ற வீதத்தில் வேகம் கீழ்நோக்கி மாறிக்கொண்டேதான் இருக்கிறது.

இது இலேசான விசயம் என்று நான் சொல்லவில்லை. கலிலியோ 1604இல் ஒரு கடிதம் எழுதினார். விழும் பொருளின் வேகம் அது விழுந்த தூரத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்று அதில் நம்பி எழுதியிருந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பது. பிழை. தூரத்துக்கு ஏற்ப இல்லை, நேரத்துக்கு ஏற்ப என்பதைச் சரியாக எழுதிய அவருடைய நூல் வெளிவந்தது 1638இல். தானும் ஒரு காலத்தில் இந்தப் பிழையைச் செய்ததை அந்த நூலிலேயே ஒத்துக்கொள்கிறார். அவ்வளவு பெரிய மனிதருக்கே வருடக்கணக்கில் பிடித்த விசயத்தை நாற்பது நிமிடப் பாடவேளையில் ஒரு முக்கோணத்தால் முடித்துவிட்டோம் என்று நாம் நினைக்கிறோம். குழப்புவது நானா, அந்த முக்கோணமா?

உண்மையில் வேகமாற்றத்தை எங்கள் உடம்பு நன்றாக அறியும். பஸ் நேர் வீதியில் ஒரே சீராகப் போகும்போது கண்ணை மூடுங்கள். எஞ்சின் சத்தத்தையும் குலுக்கத்தையும் விட்டால், ஓடுகிறதா நிற்கிறதா என்று உடம்பால் சொல்ல முடியாது. பிரேக் போட்டால் முன்னே சாய்வீர்கள். புறப்பட்டால் பின்னே சாய்வீர்கள். வளைவில் பக்கத்தில் இருப்பவரின் தோளில் போய் விழுவீர்கள். மூன்றும் ஒரே விசயம், வேகம் மாறுகிறது. வளைவில் வேகம் மாறவில்லையென்றால் கொண்டக்டர் ஏன் கம்பியைப் பிடிக்கிறார்?

இனி அடுத்த அலகுக்கு வாருங்கள். நியூட்டனின் முதலாம் விதி. சமநிலைப்படாத விசை தாக்காவிட்டால் ஓய்விலுள்ள பொருள் ஓய்விலேயே இருக்கும், இயங்கும் பொருள் சீரான வேகத்தில் நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். வளைவில் வேகம் மாறவில்லை என்று எழுதிய பிள்ளை, இந்த விதிப்படி என்ன சொல்கிறான்? பைக் வளைவதற்கு விசை எதுவும் தேவையில்லை என்கிறான். தானாகத் திரும்பும் என்கிறான். இது சிலபஸுக்குள்ளேயே நடக்கும் முரண்பாடு. நாம் அந்தப் பிழைக்கு இரண்டு புள்ளி கொடுத்து அனுப்பினால், அடுத்த அலகில் அவன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்?

விசை தேவை. அந்த விசையைக் கொடுப்பது டயருக்கும் வீதிக்கும் இடையிலுள்ள உராய்வு. வேறு ஒன்றுமே இல்லை.

இந்த இடத்தில்தான் நான் ஏன் அந்தக் கேள்வியைப் போட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

என்னிடம் படித்த பிள்ளை ஒருவன். பெயர், ஊர் எதுவும் எழுதமாட்டேன். கெட்டிக்காரன். சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு நல்ல பெறுபேறு. போன வருடம் அறுவடைக் காலத்தில் வயல் வீதியில் பைக்கில் வந்திருக்கிறான். வளைவில் நெல் காயப்போட்டிருந்தார்கள். எங்கள் பகுதியில் வழமையாக நடப்பதுதானே. பைக் திரும்பவில்லை. திரும்பாமல் நேரே போய் மதகில் அடித்தது. கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஹெல்மட் போட்டிருந்ததால் உயிர் மிஞ்சியது, அல்ஹம்துலில்லாஹ்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். கட்டிலில் கிடந்தபடி அவன் சொன்னது இன்னும் காதுக்குள் நிற்கிறது. "சேர், நான் ஸ்பீட கூட்டவே இல்ல. நாப்பதுலதான் வந்தன், நாப்பதுலதான் வளைச்சன். ஒண்டுமே மாத்தல்ல சேர்."

பொய் சொல்லவில்லை. அவன் கணக்கில் எதுவும் மாறவில்லை. முள் நாற்பதில் நின்றது. நேர் வீதியில் நாற்பதில் வந்தவன், வளைவிலும் நாற்பது. மாறாத ஒன்றுக்கு எதற்கு விசை, எதற்கு உராய்வு, நெல்மணி கிடந்தால் என்ன? நேர் வீதியில் மாறா வேகத்தில் வரும்போது நெல்லின் மேலால் வந்தாலும் பெரும்பாலும் வந்துவிடலாம். வளைவில் டயர் வீதியைப் பிடித்தே ஆகவேண்டும். உருளும் நெல்மணியின் மேல் டயருக்குப் பிடியில்லை. பிடியில்லாவிட்டால் விசையில்லை. விசையில்லாவிட்டால் நியூட்டன் சொன்னது போல பைக் நேர்கோட்டில்தான் போகும். நேர்கோட்டில் இருந்தது மதகு.

வீட்டுக்கு வந்து பழைய வினாத்தாள் கட்டைக் கிளறினேன். நான் படிப்பிக்கத் தொடங்கிய முதல் வருடங்களில் நானே போட்ட கேள்வி ஒன்று கிடைத்தது. "மணிக்கு 40 கிலோமீற்றர் என்ற மாறா வேகத்தில் வளைந்த வீதியொன்றில் செல்லும் கார்..." என்று தொடங்கியது. வளைந்த வீதியில் மாறா வேகம். என் கையெழுத்து. அப்படிப்பட்ட கேள்விகளைச் செய்து பழகித்தான் அந்தப் பிள்ளை என்னிடம் முழுப்புள்ளி வாங்கிப் போனான்.

அதனால் டியூசன் ஆசிரியரே, உங்களை மட்டும் நான் சாடவில்லை. முதல் ஆள் நான்தான். ஆனால் நான் நிறுத்திவிட்டேன். நீங்களும் நிறுத்துங்கள் என்கிறேன்.

அதே வளைவைக் கணக்கிலும் பார்ப்போம். செக்கனுக்கு 10 மீற்றர் கதி. வடக்கிலிருந்து கிழக்காகத் திரும்ப 3 செக்கன் எடுக்கிறது என்று வையுங்கள். வேகமாற்றம் 14 என்று மேலே கண்டோம். 14ஐ 3ஆல் பிரித்தால் சராசரி ஆர்முடுகல் ஏறக்குறைய 4.7. இது நன்றாக அழுத்திப் பிரேக் போடுவதற்குச் சமன். நல்ல டயர், காய்ந்த தார் வீதி என்றால் 7 அல்லது 8 வரை தாங்கும். ஆகவே திரும்பலாம். இப்போது அதே வளைவில் இரண்டு மடங்கு கதி, செக்கனுக்கு 20 மீற்றர், அதாவது மணிக்கு 72 கிலோமீற்றர். வேகமாற்றம் 28. நேரம் அரைவாசி, 1.5 செக்கன். ஆர்முடுகல் ஏறக்குறைய 19. எந்தக் காய்ந்த தார் வீதியும் சாதாரண டயருக்கு இதைக் கொடுக்காது. கதி இரண்டு மடங்கானபோது தேவைப்பட்ட விசை நான்கு மடங்காகிவிட்டது. இளைஞன் நினைப்பது "கொஞ்சம் கூட" என்று. வீதி கேட்பது நான்கு மடங்கு.

வளைவே இல்லாத நேர் வீதியிலும் இதே கதைதான். ஆடு ஒன்று குறுக்கே பாய்கிறது. கண் கண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒரு செக்கன் என்று வைப்போம். அந்த ஒரு செக்கனும் மாறா வேகம். 10இல் வந்தவன் 10 மீற்றர் போவான், 20இல் வந்தவன் 20 மீற்றர் போவான். டியூட் முக்கோணம் இதுவரை சரி. பிரேக் பிடித்ததும் மாறும் வேகம். செக்கனுக்கு 5 வீதம் அமர்முடுகுகிறது என்றால், 10இல் வந்தவனுக்கு நிற்க 2 செக்கன். வரைபின் பரப்பளவு 10 மீற்றர். 20இல் வந்தவனுக்கு 4 செக்கன். பரப்பளவு 40 மீற்றர். மொத்தம் முதலாமவன் 20 மீற்றரில் நிற்கிறான், இரண்டாமவன் 60 மீற்றரில். டியூட் முக்கோணத்தோடு வளர்ந்த பிள்ளை "இரண்டு மடங்கு ஸ்பீட், இரண்டு மடங்கு தூரம், 40 மீற்றரில் நிற்கலாம்" என்று மனக்கணக்குப் போடுவான். மிச்ச 20 மீற்றருக்குள் ஆடு மட்டுமா நிற்கும்? பாடசாலை விட்டு வரும் பிள்ளையும் நிற்கலாம்.

இலங்கையில் வருடத்துக்கு 2,000 பேருக்கு மேல் வீதியில் உயிரிழக்கிறார்கள். ஜனாஸா அறிவித்தல்களில் இளம் முகங்களை எத்தனை தடவை பகிர்ந்திருக்கிறோம். "பௌதிகவியல் தெரிந்தால் அக்சிடன்ட் நிற்குமா சேர்?" என்று கேட்பீர்கள். நிற்காது. வீதி, வெளிச்சம், லைசன்ஸ், பொலிஸ், இளரத்தம் என்று ஆயிரம் காரணங்கள். கணக்குத் தெரிந்தவனும் பறந்து போவதைக் கண்டிருக்கிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று. பிழையானதைச் சரி என்று சொல்லி, புள்ளியும் போட்டு, ஒரு பிள்ளையை நாங்கள் வீதிக்கு அனுப்பக்கூடாது. மற்றக் காரணங்கள் என் கையில் இல்லை. இது என் சிவப்புப் பேனையில் இருக்கிறது.

"சரி, நாற்பது நிமிடத்தில் எப்படிப் படிப்பிப்பது?" என்று கேட்கும் ஆசிரியர்களுக்காக, பரீட்சைக்குப் பிறகு நான் செய்ததை எழுதுகிறேன். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

ஒரு சைக்கிள். ஒரு தண்ணீர்ப் போத்தல், அடியில் சொட்டுச் சொட்டாக விழும் அளவுக்குச் சின்ன ஓட்டை. தண்ணீரில் உடுப்புக்குப் போடும் நீலம் கொஞ்சம். போத்தலைச் சைக்கிளின் பின்னால் கட்டி, பாடசாலைச் சீமெந்து முற்றத்தில் ஒரு பிள்ளையை ஓடவிட்டேன். ஒரே சீராக நேரே ஓடினான். சொட்டுகள் சம இடைவெளியில் விழுந்திருந்தன. பிறகு நின்ற இடத்திலிருந்து மிதித்துப் புறப்பட்டான். சொட்டுகளின் இடைவெளி கூடிக்கொண்டே போனது. பிரேக் பிடித்தான், இடைவெளி குறைந்தது. இதுவரை எல்லாருக்கும் விளங்கியது.

மூன்றாவதாக, ஒரே சீராக வளைந்து வரச் சொன்னேன். சொட்டுகள் வளைவிலும் சம இடைவெளிதான். "பாத்தீங்களா சேர், மாறல்லயே!" என்று கத்தினார்கள். வெண்கட்டியைக் கொடுத்து, ஒவ்வொரு சொட்டிலும் அந்தக் கணத்தில் சைக்கிள் எந்தப் பக்கம் போனதென்று அம்புக்குறி கீறச் சொன்னேன். எல்லா அம்பும் ஒரே நீளம். முதல் அம்பு மைதானத்தைப் பார்த்தது. கடைசி அம்பு கண்டீனைப் பார்த்தது.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு பின்வரிசையில் இருக்கும் ஒரு பிள்ளை, வகுப்பில் வாயே திறக்காதவள், சொன்னாள். "சேர், நீளம் மாறல்ல. ஆனா அம்பு மாறிட்டு."

நான் விளக்கவேண்டியிருந்ததை அவள் சொல்லி முடித்துவிட்டாள். பூச்சியம் வாங்கியவர்களில் அவளும் ஒருத்தி.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைக்கு இரண்டு புள்ளி குறைந்ததற்காக என்மேல் கோபப்படுங்கள், உரிமை இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தோடு பிள்ளையைக் கூப்பிட்டு "வளைவில் ஏன் மகன் மெதுவாகப் போகவேண்டும்?" என்று ஒருமுறை கேளுங்கள். "விழுந்திருவம்" என்று சொன்னால் போதாது, ஏன் விழுவோம் என்று கேளுங்கள். அவனுக்கு அது தெரிந்திருந்தால், அந்த இரண்டு புள்ளியையும் நான் வீட்டுக்கு வந்து தருகிறேன்.

சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். டியூட்டில் அந்த முக்கோணத்தை வைத்திருக்க விரும்பினால் வையுங்கள். அதன் தலைக்கு மேல் "வேகம் மாறாதபோது மட்டும்" என்று எழுதுங்கள். "வளைந்த வீதியில் மாறா வேகம்" என்று எந்த வினாத்தாளிலாவது கண்டால், நானே எழுதியதாக இருந்தாலும், வெட்டிவிட்டு "மாறாக் கதி" என்று திருத்துங்கள்.

அந்தப் பிள்ளை இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறான். போன கிழமை கடையில் கண்டேன். இந்தச் சண்டை அவனுக்கும் தெரிந்திருக்கிறது. "சேர், அந்தக் கேள்விக்கு நான் இப்ப சரியா எழுதுவன்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதிபர் அவர்களும் இதை வாசிப்பார் என்று தெரியும். புள்ளி மாற்றமாட்டேன் சேர், மன்னிக்கவும். அடுத்த தவணையிலும் அதே கேள்வி வரும். இப்போதே சொல்லி வைத்துவிட்டேன், பிறகு சிலபஸுக்கு வெளியே என்று யாரும் வரவேண்டாம்.